"புரிஞ்சுதா?"வுக்குப் பதில் ஒரு அட்டை: வகுப்பில் எல்லாப் பிள்ளைகளையும் பதில் சொல்ல வைப்பது எப்படி

ஒரு பாடத்தை நடத்தி முடித்துவிட்டு "புரிஞ்சுதா?" என்று கேட்டுப் பாருங்கள். "புரிஞ்சுது மிஸ்ஸ்ஸ்" என்று ஒரே ராகத்தில் இழுத்துப் பதில் வரும். அந்த ராகத்தை நம்பியே நான் பல வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன். தண்டையார்பேட்டைப் பக்கம் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் கணக்கும் அறிவியலும் எடுக்கிறேன். ஒரு வகுப்பில் 38 பேர். ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகளின் ஹாரன், மூடினால் புழுக்கம். இந்தச் சத்தத்தில் யார் நிஜமாகவே "புரிஞ்சுது" சொன்னார்கள், யார் வாயை மட்டும் அசைத்தார்கள் என்பது கரும்பலகைப் பக்கம் நிற்கிறவருக்குத் தெரியவே தெரியாது. முதல் பெஞ்சில் மூன்று பேர் எடுத்துக் கொடுத்தால் போதும், மற்றவர்கள் பின்பாட்டுப் பாடிவிடுவார்கள்.

புதிதாக ஆசிரியர் வேலைக்கு வந்தவர்களையும், சாயங்காலம் தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிற தம்பி தங்கைகளையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். வகுப்பறைத் தொழில்நுட்பம், மாணவர் ஈடுபாடு என்று பயிற்சி வகுப்புகளில் அடிக்கடி சொல்வார்கள். கேட்கும்போது பெரிய விஷயமாக இருக்கும், திரும்பி வந்து வகுப்பில் நின்றால் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாது. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

எங்கள் வகுப்புக்கு ஸ்மார்ட் போர்டு வந்த வாரம் நினைவிருக்கிறது. இதயம் எப்படி வேலை செய்கிறது என்று கலர் கலராக ஓர் அனிமேஷன் போட்டேன். பிள்ளைகள் கண் இமைக்காமல் பார்த்தார்கள். இவ்வளவு அமைதியான வகுப்பா என்று எனக்கே பெருமை. மறுநாள், ஆக்சிஜன் குறைந்த ரத்தம் இதயத்தின் எந்தப் பக்கத்துக்கு வந்து சேரும் என்று கேட்டேன். யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஒரு பையன் எழுந்து, "மிஸ், அந்த சிவப்பு கலர் செமையா இருந்துச்சு" என்றான். கிண்டலாகச் சொல்லவில்லை, அவனுக்கு நினைவில் நின்றது அதுதான். (விடை வலது பக்கம்.)

இது என் வகுப்பில் மட்டும் நடந்த கூத்து இல்லை. பல நாடுகள் சேர்ந்த பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு (OECD) 2015இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பள்ளிகளில் கணினிக்கும் இணையத்துக்கும் நிறைய செலவழித்த நாடுகளில், வாசிப்பிலோ கணக்கிலோ அறிவியலிலோ சொல்லிக்கொள்ளும்படி முன்னேற்றம் தெரியவில்லை என்பது அதன் முக்கியமான முடிவு. கருவியை வாங்கி மாட்டுவதோடு வேலை முடிவதில்லை. அதை வைத்துப் பிள்ளையை என்ன செய்யச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாமே.

ஈடுபாடு என்றால்?

கல்வி ஆய்வாளர்கள் ஈடுபாட்டை மூன்றாகப் பிரித்துப் பார்ப்பார்கள். ஃபிரெட்ரிக்ஸ், புளூமென்ஃபெல்ட், பாரிஸ் என்ற மூன்று பேர் 2004இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்தப் பிரிவு பரவலாகப் புழங்குகிறது. நடத்தையில் தெரியும் ஈடுபாடு ஒன்று: நேரத்துக்கு வருவது, கவனிப்பது, நோட்டில் எழுதுவது. உணர்வில் இருக்கும் ஈடுபாடு இன்னொன்று: பாடம் பிடித்திருக்கிறது, டீச்சரைப் பிடித்திருக்கிறது, வகுப்புக்கு வரவே ஆசை. மூன்றாவது அறிவின் ஈடுபாடு. "அது எப்படி அப்படி ஆகும்?" என்று மண்டைக்குள் ஒரு குடைச்சல் ஓடுவது.

என் இதய அனிமேஷனில் முதல் இரண்டும் அமோகமாக இருந்தன. மூன்றாவது இல்லவே இல்லை. வம்பு என்னவென்றால் முதல் இரண்டும் கண்ணுக்குத் தெரியும், மூன்றாவது தெரியாது. கரும்பலகையில் இருப்பதை அழகாகக் காப்பி பண்ணுகிற பிள்ளை யோசிக்கவே இல்லாமல்கூட அதைச் செய்யலாம். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளை உங்கள் கேள்வியைத்தான் மென்றுகொண்டிருக்கலாம் (அல்லது பிரியாணியை நினைத்துக்கொண்டிருக்கலாம், அதையும் மறுக்க முடியாது).

எங்கள் ஏரியாவில் எந்தச் சந்துக்குள் போனாலும் தெரு விளக்குக்குக் கீழே ஒரு கேரம் போர்டு இருக்கும். நாலு பேர் ஆடுவார்கள், பத்துப் பேர் சுற்றி நிற்பார்கள். சுற்றி நிற்பவர்களும் ரசிக்கிறார்கள், கத்துகிறார்கள், "கட் அடி, கட் அடி" என்று யோசனை சொல்கிறார்கள். ஆனால் வருஷம் முழுக்க நின்று பார்த்தாலும் ஸ்டிரைக்கரைத் தொடாதவன் விரலுக்கு அந்தச் சுண்டல் வராது. நம் வகுப்பில் ஸ்டிரைக்கர் எப்போதும் டீச்சர் கையில்தான் இருக்கிறது. 38 பேர் சுற்றி நின்று பார்க்கிறார்கள். பெரிய திரை வந்தால் இன்னும் நன்றாகப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

அதனால் எந்தக் கருவி வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி இது: இதை வைத்து ஒரே நேரத்தில் எத்தனை பிள்ளைகள் பதில் சொல்ல முடியும்?

எழும்பூர் மணல்

இந்தக் கேள்விக்கு நம் ஊரில் ஒரு பழைய பதில் இருக்கிறது. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரப் பாதிரியார் 1789இல் எழும்பூரில் ராணுவ வீரர்களின் ஆண் குழந்தைகளுக்காக இருந்த அநாதை இல்லத்துக்குப் பொறுப்பேற்றார். ஒரு நாள் வெளியே போனபோது ஓர் உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். அதை அவர் "மலபார் பள்ளி" என்று குறிப்பிட்டார். அந்தக் காலத்தில் இங்கிருந்த ஐரோப்பியர்கள் தமிழரையும் அப்படித்தான் அழைத்தார்கள். பெல் அந்த மணலைத் தன் இல்லத்துக்குக் கொண்டுவந்தார், கூடவே பெரிய பையன்கள் சின்னப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் சேர்த்தார். 1797இல் லண்டனில் இதைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். "மெட்ராஸ் முறை" என்ற பெயரில் அது பிரிட்டன் முழுக்கப் பரவியது. அவர் விட்டுப்போன பணத்தில் ஆரம்பித்த ஒரு பள்ளி ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் இன்றும் நடக்கிறது, பெயர் "மெட்ராஸ் காலேஜ்". ஊர்ப் பெயரை நாம் மாற்றிவிட்டோம், அவர்கள் அப்படியே வைத்திருக்கிறார்கள்.

மணலில் அப்படி என்ன விசேஷம்? ஒரே சமயத்தில் எல்லாப் பிள்ளையும் எழுதலாம். தப்பாக எழுதினால் கையால் தடவிவிடலாம், தடயமே இருக்காது, அதனால் பயமும் இல்லை. வாத்தியார் ஒரு நடை நடந்தால் யார் எங்கே தடுமாறுகிறார்கள் என்று தெரிந்துவிடும். சிலேட்டுக்கும் இதே குணங்கள் உண்டு. இந்த மூன்றும் உள்ள கருவிதான் நல்ல வகுப்பறைத் தொழில்நுட்பம் என்பது என் கட்சி. லட்ச ரூபாய்க் கருவியில் இவை இல்லாமல் போகலாம், பத்து ரூபாய் விஷயத்தில் இருக்கலாம்.

பதில் சொல்வதால் என்ன லாபம்?

பதில் சொல்லும் முயற்சியே நினைவைக் கெட்டிப்படுத்துகிறது. இது பலமுறை சோதித்துப் பார்த்த விஷயம். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களுக்கு ஒரு சின்னப் பத்தியைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு பிரிவு அதையே இரண்டாம் முறை படித்தது. இன்னொரு பிரிவு பத்தியைப் பார்க்காமல் நினைவில் உள்ளதை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் மறுபடி படித்தவர்களே முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்களுக்கு 42 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம். பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி படித்தது எல்லாம் தெரிந்த மாதிரி இருந்து, ஒரு வாரத்தில் காணாமல் போவது ஏன் என்பதற்கும் இதில் பதில் இருக்கிறது.

இன்னொன்று, நம் அவசரம். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்புகளைப் பதிவு செய்து அளந்து பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு, சராசரியாக ஒரே ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீளமாயின, வழக்கமாக வாயே திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று விநாடி! கேட்க ஒன்றுமில்லை போலத் தோன்றும். வகுப்பில் நின்று மனசுக்குள் எண்ணிப் பாருங்கள், ஒரு யுகம் மாதிரி இருக்கும். எனக்கு நாக்கு துறுதுறுக்கும், பதிலை நானே சொல்லிவிடுவேன். இந்த வியாதிக்கு மருந்தாக வந்ததுதான் அடுத்து சொல்லப்போகும் அட்டை.

ஒரே ஒரு போன், 38 அட்டை

பிளிக்கர்ஸ் (Plickers) என்று ஒரு செயலி இருக்கிறது. பிள்ளைகளிடம் போன் வேண்டாம், டேப்லெட் வேண்டாம், டீச்சரிடம் ஒரு போன் இருந்தால் போதும். அவர்கள் தளத்தில் இருந்து அட்டைகளை இலவசமாக இறக்கி ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் போட்டுக்கொள்ளலாம். வழக்கமான தொகுப்பில் 40 அட்டைகள், பெரிய வகுப்புக்கு 63 வரை உண்டு. ஒவ்வொன்றிலும் டீக்கடையில் பணம் கட்ட ஸ்கேன் பண்ணுகிறோமே, அந்த மாதிரி ஒரு கறுப்புக் கட்டம். கட்டத்தின் நாலு பக்கத்திலும் பொடி எழுத்தில் ஏ, பி, சி, டி. அட்டை எண் 12 என்றால் அது ஒரே பிள்ளைக்குத்தான், அந்த ஆண்டு முழுக்க.

நீங்கள் கேள்வியைக் கேட்கிறீர்கள். பிள்ளை தன் விடை எழுத்து மேல் பக்கம் வரும்படி அட்டையைத் திருப்பி நெஞ்சுக்கு நேரே பிடிக்கிறது. நீங்கள் போன் கேமராவை வகுப்பின் மேல் மெதுவாக ஓட்டுகிறீர்கள். யார் என்ன விடை சொன்னார்கள் என்பது போனில் வரிசையாக விழுகிறது. எழுத்து பொடியாக இருப்பதாலும் ஒவ்வோர் அட்டையின் கட்டமும் வேறு வேறாக இருப்பதாலும் பக்கத்து அட்டையைப் பார்த்துக் காப்பி அடிக்க முடியாது. பின் பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இது ஒரு பெரிய விடுதலை, வாய் திறந்து தப்பாகச் சொல்லி எல்லாரும் சிரிக்கிற ஆபத்து இல்லை. அதே சமயம் ஒளிந்துகொள்ளவும் முடியாது, ஏனென்றால் 12 இன்னும் காட்டவில்லை என்று போன் சொல்லிவிடும்.

போனை ஓட்டி முடிக்க எப்படியும் அரை நிமிடம் ஆகிறது. அந்த அரை நிமிடம் பிள்ளைகள் யோசிக்கிறார்கள், நான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். மேரி பட் ரோவின் மூன்று விநாடி எனக்குக் கிடைத்தது இப்படித்தான்.

போனே இல்லாவிட்டாலும் கவலை இல்லை. விடைக்கு ஒரு விரல், இரண்டு விரல் என்று வைத்து, கண்ணை மூடி நெஞ்சருகே காட்டச் சொல்லலாம். சிலேட்டில் எழுதித் தூக்கிக் காட்டச் சொல்லலாம். எத்தனை பேர் எந்த விடை என்பது நினைவில் நிற்காது, யார் என்ன சொன்னார்கள் என்ற பதிவு இருக்காது, அது ஒன்றுதான் குறை.

நங்கூரத்தைத் தூக்கிப் போட்டால்

கருவி இருந்தால் மட்டும் ஆகாது, கேட்கிற கேள்வி சரியாக இருக்க வேண்டும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் நடத்தும் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்தில் இதைக் கஷ்டப்பட்டுத்தான் கண்டுபிடித்தார். அவருடைய மாணவர்கள் சூத்திரம் போட்டுக் கணக்கை முடித்துவிடுவார்கள், ஆனால் விசை என்றால் என்ன என்று அன்றாட வாழ்க்கையை வைத்துக் கேட்டால் திணறினார்கள். ஹார்வர்டிலேயே "புரிஞ்சுது சார்" ராகம்! அவர் ஒரு முறை வகுத்தார். முதலில் ஒரு கருத்துக் கேள்வி. ஒவ்வொருவரும் தனியாக யோசித்து விடை தர வேண்டும். சரியான விடை தந்தவர்கள் சுமார் 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால், ஆசிரியர் விடையைச் சொல்லாமல், பக்கத்தில் இருப்பவரிடம் வாதாடி ஒப்புக்கொள்ள வைக்கச் சொல்ல வேண்டும். பிறகு மறுபடி ஓட்டெடுப்பு. பெல் எழும்பூரில் பெரிய பையன்களை வைத்துச் செய்ததற்கு இது தூரத்துச் சொந்தம் என்று எனக்குத் தோன்றும்.

ஒன்பதாம் வகுப்புக்குப் பாய்மங்கள் பாடம் நடத்தியபோது நான் கேட்ட கேள்வியை அப்படியே தருகிறேன், உங்களுக்கும் உதவும்.

ஒரு பெரிய தொட்டியில் தண்ணீர். அதில் ஒரு சின்னப் படகு மிதக்கிறது. படகுக்குள் ஓர் இரும்பு நங்கூரம். நங்கூரத்தை எடுத்துத் தொட்டிக்குள் போடுகிறோம், அது அடியில் போய் உட்கார்ந்துவிடுகிறது. இப்போது தொட்டியின் நீர்மட்டம் ஏறுமா (ஏ), இறங்குமா (பி), அப்படியே இருக்குமா (சி)?

மேலே படிப்பதற்கு முன்னால் நீங்களும் ஒரு விடையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதல் ஓட்டில் பாதிப் பேருக்கு மேல் "ஏறும்". கல்லைத் தண்ணீரில் போட்டால் மட்டம் ஏறத்தானே செய்யும்? கொஞ்சம் பேர் "அப்படியே இருக்கும்", ஏனென்றால் படகிலும் அதே நங்கூரம், கீழேயும் அதே நங்கூரம். சில பேர்தான் "இறங்கும்". நான் ஒன்றும் சொல்லவில்லை. போனைப் பையில் போட்டுக்கொண்டு, "பக்கத்துல இருக்கறவங்கள ஒத்துக்க வைங்க பார்க்கலாம்" என்றேன். அப்புறம் கிளம்பியது பாருங்கள் ஒரு கலவரம். காசிமேட்டில் இருந்து வரும் ஒரு பையன், அவன் அப்பா பைபர் போட்டில் போகிறவர், பெஞ்சு மேலேயே ஏறிவிட்டான். "நங்கூரம் போட்ட ஒடனே போட்டு லைட்டா மேல வரும்டா, நா பாத்திருக்கேன்!" படகு மேலே வருகிறது என்றால் அது தள்ளிவைத்திருந்த தண்ணீர் குறைகிறது என்று அவன் பக்கத்தில் இருந்த பெண் பிடித்துக்கொண்டாள். நான் அரை மணி நேரம் சாக்பீஸ் தேய்த்திருந்தாலும் அந்த வாக்கியம் என் வாயில் இவ்வளவு சுருக்கமாக வந்திருக்காது.

விடை: இறங்கும். மிதக்கிற பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை விலக்குகிறது. 8 கிலோ நங்கூரம் படகுக்குள் இருக்கும்போது, அதைத் தாங்க 8 லிட்டர் தண்ணீர் விலகியாக வேண்டும். இரும்பு நீரைவிட ஏறக்குறைய 8 மடங்கு அடர்த்தி, அதனால் அந்த நங்கூரத்தின் பருமன் சுமார் ஒரு லிட்டர்தான். அடியில் போய் உட்கார்ந்த பிறகு அது விலக்குவது அந்த ஒரு லிட்டரை மட்டும். மீதி ஏழு லிட்டருக்கான இடம் காலியாகிறது, மட்டம் இறங்குகிறது.

அதோடு விடவில்லை, செய்தும் காட்டினேன். ஒரு பக்கெட்டில் தண்ணீர், காலியான ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா, மளிகைக் கடையில் கடன் வாங்கிய அரை கிலோ எடைக்கல். சாதாரணப் பக்கெட்டில் மட்டம் ஒரு செ.மீ.க்கும் கொஞ்சம் குறைவாகத்தான் இறங்கும், பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியாது. இங்கேதான் ஸ்மார்ட் போர்டுக்கு உருப்படியான வேலை கிடைத்தது: போன் கேமராவைப் பக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்துத் திரையில் பெரிதாகக் காட்டினேன். தாங்களே சண்டை போட்ட கேள்விக்கு விடை என்பதால் அந்த ஒரு செ.மீ.யை மொத்த வகுப்பும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. இறங்கியதும் விசில். "கடல்ல போட்டா ஒண்ணும் ஆவாதுல்ல மிஸ்?" என்று ஒருத்தன் கேட்டான். ஏன் ஆகாது என்று அடுத்த பத்து நிமிடம் போனது. நடத்த வேண்டிய மீதிப் பாடம் அன்றைக்கு அப்படியே நின்றது, அதற்காக எனக்கு வருத்தம் இல்லை.

தப்பு விடை எழுதுவதுதான் கஷ்டம்

கேள்வி தயாரிக்கும்போது சரியான விடையை எழுதுவது சுலபம். தப்பு விடைகள் பிள்ளைகள் உண்மையிலேயே நம்புகிற தப்புகளாக இருக்க வேண்டும், அதற்குத்தான் நேரம் பிடிக்கும். 0.5, 0.35 இரண்டில் எது பெரியது என்று ஆறாம் வகுப்பில் கேளுங்கள். நிறையப் பிள்ளைகள் 0.35 என்பார்கள், 35 ஐந்தைவிடப் பெரியதாயிற்றே. இதே கேள்வியை "0.5 கிலோ இறால், 0.35 கிலோ இறால், எது அதிகம்?" என்று மாற்றிக் கேட்டேன். மீன் மார்க்கெட் வாசனை தெரிந்த பிள்ளைகள், அரை கிலோதான் அதிகம் என்று உடனே திருப்பினார்கள். அப்படியென்றால் அளவு அவர்களுக்குத் தெரிகிறது, புள்ளி வைத்த எண்ணைப் படிக்கத்தான் தெரியவில்லை. எதை மறுபடி நடத்த வேண்டும் என்று இரண்டே கேள்வியில் எனக்குத் தெரிந்துவிட்டது.

ஒரு பாடவேளைக்கு இப்படி இரண்டு கேள்வி போதும். பத்துக் கேள்வி போட்டால் அது பரீட்சை, பிள்ளைகள் மோப்பம் பிடித்துவிடுவார்கள்.

திரை இருந்தால்

திரையைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. கொலராடோ பல்கலைக்கழகத்தில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய பெட் (PhET) என்ற திட்டத்தில் இயற்பியல், வேதியியல், கணக்குக்கான செய்து பார்க்கும் மாதிரிகள் இலவசமாகக் கிடைக்கின்றன, பலவற்றைத் தமிழிலேயே பார்க்கலாம், முன்கூட்டி இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும். மின்சுற்று மாதிரியைப் போட்டு, இன்னொரு பல்பைத் தொடராக இணைத்தால் வெளிச்சம் கூடுமா குறையுமா என்று முதலில் அட்டையைத் தூக்கச் சொல்லுங்கள், பிறகு இணையுங்கள். இந்த வரிசை மாறினால் அது மறுபடி சினிமா ஆகிவிடும்.

வீடியோவுக்கு எங்கள் லாரிச் சத்தம் சொல்லிக்கொடுத்த ஒரு தந்திரம் இருக்கிறது. ஸ்பீக்கர் எப்படியும் கேட்காது, அதனால் ஒரு நாள் ஒலியை அணைத்துவிட்டு ஓடவிட்டேன், "நீங்களே கமென்ட்ரி கொடுங்க" என்றேன். செரிமான மண்டலத்துக்கு கிரிக்கெட் கமென்ட்ரி வந்தது. சிரிப்பாணிதான், ஆனால் சிறுகுடலையும் பெருங்குடலையும் யார் மாற்றிச் சொல்கிறார்கள் என்பது தெளிவாகக் கேட்டது.

நம் பாடநூல்களில் 2018 முதல் க்யூஆர் கட்டங்கள் வருகின்றன, 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது, நல்ல விஷயங்கள்தான். ஆனால் டிவி பேசும், பதிலுக்குக் காத்திருக்காது. கொரோனா சமயத்தில் பாடம் வீட்டுக்குள்ளேயே வந்தும், 2021இல் இல்லம் தேடிக் கல்விக்குத் தன்னார்வலர்கள் தெருத்தெருவாகத் தேவைப்பட்டார்கள். க்யூஆரை வீட்டுப்பாடமாகக் கொடுப்பதையும் நான் விட்டுவிட்டேன். பல வீடுகளில் ஒரே போன், அது அப்பாவோடு கடலுக்கோ ஆட்டோவுக்கோ போய்விடும்.

கஹூட் மாதிரி வினாடி வினா விளையாட்டுகள் ஹைடெக் லேப் இருக்கும் பள்ளிகளில் நன்றாகப் போகும், ஆர்ப்பாட்டமாக இருக்கும். வேகமாக அழுத்தினால் அதிகப் புள்ளி என்பது மட்டும் எனக்குப் பிடிக்காது, மெதுவாகப் படிக்கிற பிள்ளை மூன்றாவது கேள்வியிலேயே கை விட்டுவிடும். நேரத்தை நீட்டி, புள்ளி இல்லாமலும் வைத்துக்கொள்ள அதில் வழி இருக்கிறது, அப்படிச் செய்யுங்கள்.

நான் செய்த தப்பு

அட்டை முறை ஆரம்பித்த புதிதில், போனில் வரும் முடிவைப் பெயரோடு திரையில் காட்டினேன். பச்சை என்றால் சரி, சிவப்பு என்றால் தப்பு. பார்க்க ஜோராக இருந்தது. ஒரு பெண் பிள்ளையின் பெயர் மூன்று முறை தொடர்ந்து சிவப்பில் வந்தது. அடுத்த ஒரு வாரம் அவள் அட்டையைக் கவிழ்த்தே வைத்திருந்தாள், கேட்டால் "மறந்துட்டேன் மிஸ்". மணலில் இருந்த முக்கியமான குணத்தை, தப்பைத் தடவி அழிக்கும் வசதியை, நானே பிடுங்கிவிட்டேன். இப்போது எத்தனை பேர் எந்த விடை என்ற பட்டையை மட்டும்தான் காட்டுகிறேன். பெயர்ப்பட்டியல் என் போனோடு சரி, அதிலும் பெயருக்குப் பதில் வரிசை எண்தான் போட்டிருக்கிறேன். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் விவரங்களைச் செயலிகளில் சேர்க்கப் பெற்றோர் சம்மதம் தேவை என்று 2023இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது, அதற்கும் இது நல்லது. அட்டை மதிப்பெண்ணை ரேங்க் கார்டில் சேர்ப்பதில்லை என்று முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள், சொன்னபடியே நடந்தும் கொள்ளுங்கள்.

அந்தப் பெண் எப்படித் திரும்பி வந்தாள் என்று கேட்பீர்கள். நங்கூரக் கேள்வி அன்றைக்கு. தண்ணீர் குறைகிறது என்று பிடித்துக்கொண்டாளே, அவள்தான்.

சரி, கடைசியாக அட்டை விஷயம். தடிமனான தாளில் பிரின்ட் போடுங்கள், சாதாரணத் தாள் ஃபேன் காற்றில் மடங்கிக் கேமராவுக்குத் தெரியாமல் போகும். பளபளா லேமினேஷன் வேண்டவே வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் பட்டு மின்னினால் போன் படிக்காது. நான் ஒரு முறை 40 அட்டைக்கும் அதைப் போட்டுக் காசைக் கரியாக்கினேன். பிள்ளைகள் விரலால் கறுப்புக் கட்டத்தை மறைத்துப் பிடிப்பார்கள், ஓரத்தைப் பிடிக்கச் சொல்லிப் பழக்க ஒரு வாரம் ஆகும். அட்டைகளை வீட்டுக்குக் கொடுத்தனுப்பாதீர்கள், வகுப்பு முடிந்ததும் வரிசை எண்படி வாங்கி ரப்பர் பேண்ட் போட்டு பீரோவில் வையுங்கள். அப்படியும் மாதம் ஒரு அட்டை காணாமல் போகும். எங்கள் வகுப்பில் அது எப்போதும் 23தான், ஏன் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. எதற்கும் இரண்டு செட் எடுத்துக்கொள்ளுங்கள்.